டப்பாவில் கிடக்கும் தபால் தலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் யார் வீட்டுப் பீரோவை ஒழித்தாலும் ஒரு டப்பா என் வீட்டுக்கு வந்துவிடுகிறது. பிஸ்கட் டப்பா, ஹார்லிக்ஸ் பாட்டில், ஒருமுறை எவர்சில்வர் டிபன் கேரியரின் நடு அடுக்கு. உள்ளே தபால் தலைகள். நான் நிபுணன் இல்லை, வியாபாரியும் இல்லை. சிறு வயதில் தொற்றிய பழக்கத்தை விடாமல் வைத்திருப்பவன், அவ்வளவுதான். டப்பாக்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை என்பதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன்.

அப்பாவின் பெட்டியில் ஒட்டாத தபால் தலைகள் நிறைய இருக்கின்றன. இன்றைக்கு ஒட்டினால் செல்லுமா?

ரூபாயிலோ பைசாவிலோ விலை அச்சான இந்தியத் தபால் தலை, கிழியாமல், கறை படியாமல், முன்பு பயன்படாமல் இருந்தால் அச்சிட்ட விலைக்குச் செல்லும். 25 பைசா நாணயம் 2011 ஜூன் 30-உடன் செல்லாக்காசாகிவிட்டது. ஆனால் முட்டையை உடைத்துக்கொண்டு கோழிக்குஞ்சு எட்டிப் பார்க்கும் அந்த 25 பைசா தபால் தலைக்கு இன்னும் கால் ரூபாய் மதிப்பு உண்டு. காசு செத்துப்போய்க் காகிதம் பிழைத்திருக்கிறது.

கணக்குத்தான் இடிக்கும். 20 கிராம் வரையுள்ள சாதாரணக் கடிதத்துக்கு ஐந்து ரூபாய் என்றால் கோழிக்குஞ்சுகள் இருபது வேண்டும். கும்பகோணத்தில் இருக்கும் அக்காவுக்கு அப்படி ஒரு கடிதம் அனுப்பினேன். உறை முழுக்கக் குஞ்சுகள், முகவரிக்கு ஒரு மூலைதான் மிச்சம். கவுன்ட்டரில் இருந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை எண்ணினார். பிறகு ஒவ்வொன்றின்மேலும் பொறுமையாக முத்திரை குத்தினார். கடிதத்தில் நான் என்ன எழுதினேன் என்று அக்காவுக்கு நினைவில்லை. உறையை மட்டும் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறார்.

ஆகவே பெரிய உறையாக எடுங்கள். முதலில் முகவரியை எழுதிவிட்டு மிச்ச இடத்தில் ஒட்டுங்கள். பெட்டியில் போடாமல் கவுன்ட்டரில் காட்டிக் கொடுங்கள். பழைய பிசின் உயிரற்றுப் போயிருந்தால் மைதாப் பசையை மெல்லியதாகத் தடவினால் போதும். மேலே செலோ டேப் மட்டும் வேண்டாம். முத்திரை மை பிடிக்காது.

மூன்று வகையைத் தனியே எடுத்து வையுங்கள். அணா விலை போட்டவை ஆல்பத்துக்குரியவை, அவற்றை உறையில் ஒட்டிப் பார்க்கும் யோசனையே வேண்டாம். "சர்வீஸ்" என்று அச்சானவை அரசு அலுவலகத் தபாலுக்கு மட்டுமே. தாத்தா தாசில்தாராக இருந்தார் என்பதால் பேரன் ஒட்ட முடியாது. மூன்றாவது, ரெவின்யூ ஸ்டாம்ப்.

ரெவின்யூ ஸ்டாம்பும் தபால் தலைதானே?

இல்லை. 5,000 ரூபாய்க்கு மேல் பணம் வாங்கியதற்கான ரசீதில் ஒட்டிக் கையெழுத்துப் போடும் ஒரு ரூபாய் வில்லை அது. கடிதத்தில் ஒட்டினால் தபால் கட்டணம் ஆகாது. விற்கும் இடம் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம்.

மிச்சமிருப்பதைத் தபால் நிலையத்தில் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கலாமா?

முடியாது. ஒட்டித் தீர்க்க வேண்டியதுதான்.

முத்திரை விழாமல் வந்த தபால் தலையைப் பிரித்து மறுபடி ஒட்டினால் என்ன?

எங்கள் தெருவில் ஒருவர் இதையே தொழில்நுட்பமாக வளர்த்திருந்தார்: ஒட்டும்போதே தலையின்மேல் மெல்லிய பசை தடவி, பிறகு முத்திரையோடு கழுவி எடுப்பது. ஒருமுறை பயணம் செய்த தபால் தலை தன் வேலையை முடித்துவிட்டது. முத்திரையை அழித்து மறுபடி பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். ஐந்து ரூபாய்க்கு இவ்வளவு உழைப்பு தேவையா என்பது தனிக் கேள்வி.

எங்களிடம் இருப்பவற்றுக்கு லட்சக்கணக்கில் கிடைக்குமா?

டப்பாவைத் திறக்கும் முன்பே வரும் கேள்வி இது. பெரும்பாலும் கிடைக்காது. பழைமைக்கும் விலைக்கும் தொடர்பு குறைவு. எத்தனை அச்சடித்தார்கள், எத்தனை மிஞ்சின, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது என்பவைதான் விலை. நாசிக் அச்சகத்திலிருந்து கோடிக்கணக்கில் வந்து ஊர் ஊராகக் குவிந்த அன்றாடத் தபால் தலைகளை வைத்துக்கொண்டு வீடு கட்ட முடியாது. ஐம்பது பைசா மாம்பழம், இருபது பைசா நாட் போர் விமானம், எழுபது பைசா ஹம்பி தேர் எல்லாம் அழகானவை. எல்லார் வீட்டிலும் இருப்பவை.

எல்லாரும் சொல்லும் பெரிய பெயர் காந்தி பத்து ரூபாய். 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான நான்கு தபால் தலைகளில் பெரியது அது, சுவிட்சர்லாந்தில் அச்சடிக்கப்பட்டவை. மற்ற மூன்றும் ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா. பத்து ரூபாய்த் தலைக்கு உண்மையாகவே நல்ல விலை உண்டு. அதனாலேயே போலிகளும் நிறைய. அதே தலையில் "சர்வீஸ்" என்று மேலச்சடித்தது உலகம் முழுவதும் தேடப்படும் அரிய பொருள். அது உங்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கும் என்று நம்பி யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். "உங்கள் பழைய ஸ்டாம்பை லட்சத்துக்கு வாங்குகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று போனில் சொல்பவர் ஸ்டாம்ப் வாங்குபவர் இல்லை.

உறையிலிருந்து எப்படிப் பிரிப்பது?

பிரிக்கத்தான் வேண்டுமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இதை நான் பத்து வயதில் கேட்டுக்கொள்ளவில்லை.

என் சின்னத் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்தார். அங்கிருந்து அவர் அண்ணனுக்கு எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. ஒரு கோடை விடுமுறையில் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து எல்லா உறைகளிலிருந்தும் தபால் தலைகளை வெட்டினேன். வெட்டிய உறைகள் வெந்நீர் அடுப்புக்குப் போயின. இந்தோசீனத் தபால் தலைகள் இன்றும் என்னிடம் இருக்கின்றன. எந்தக் கடிதம் எந்த ஆண்டு புறப்பட்டது, எந்தத் துறைமுகம் வழியாக வந்தது, இங்கே எந்த நாளில் கைக்குக் கிடைத்தது என்பதெல்லாம் அடுப்பில் எரிந்துபோயிற்று. முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் குத்தியிருந்த வட்ட முத்திரைகள்தாம் அந்தப் பயணத்தின் ஒரே பதிவு. தலையை எடுத்துக்கொண்டு உடலை எரித்துவிட்டேன் என்று என் மனைவி கேலி செய்வாள்.

எனவே 1960-களுக்கு முந்தைய உறை, வெளிநாட்டிலிருந்து வந்தது, முத்திரை தெளிவாகத் தெரிவது, வீட்டுப் பெரியவர்கள் பெயர் எழுதியிருப்பது, இவற்றில் எதுவானாலும் முழு உறையாகவே வையுங்கள். சேகரிப்பவர்களிடமும் அதற்குத்தான் மதிப்பு அதிகம்.

வங்கி, இன்சூரன்ஸ் உறைகளில் வந்த சாதாரணத் தலைகளைத் தாராளமாகப் பிரிக்கலாம். சுற்றி விரலளவு காகிதம் விட்டு வெட்டி, அகலமான பாத்திரத்தில் சாதாரணத் தண்ணீரில் முகம் மேலே இருக்கும்படி மிதக்கவிடுங்கள். கால் மணியிலிருந்து இருபது நிமிடத்துக்குள் தானே வழுக்கிக்கொண்டு வரும். வராவிட்டால் இன்னும் கொஞ்சம் ஊறட்டும். நகத்தால் கிள்ளினால் பின்புறம் உரிந்துவிடும். சிவப்பு, பச்சை நிற உறைகளைத் தனிப் பாத்திரத்தில் போடுங்கள், சாயம் இறங்கும். திருமண அழைப்பிதழின் மஞ்சள் உறை ஒன்று என்னுடைய நாற்பது தலைகளுக்கு ஒரே நாளில் மஞ்சள் நீராட்டு நடத்திவிட்டது. மிகப் பழைய சில தலைகளின் அச்சு மையே நீரில் கரையும், சந்தேகமானால் நனைக்காதீர்கள்.

வெளியே எடுத்ததும் பின்புறப் பிசினை விரலால் மெல்லத் தடவிக் கழுவி, மை ஒற்றும் தாளிலோ பழைய வெள்ளை வேட்டித் துண்டிலோ கவிழ்த்து உலர்த்துங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை தலையில் ஏறும். முக்கால் உலர்ந்ததும் கனமான புத்தகத்துக்குள் ஓரிரவு வைத்தால் சுருளாது. பழைய டெலிபோன் டைரக்டரி இருக்கும் வீடுகள் பாக்கியம் செய்தவை. ஸ்டிக்கர் போல ஒட்டும் வெளிநாட்டுத் தலைகள் தண்ணீருக்கு மசிவதில்லை. அவற்றைக் காகிதத்தோடு நேராக வெட்டி அப்படியே வைத்துக்கொள்வதே நல்லது.

பிரெஞ்சில் எழுதிய தபால் தலைகள் கிடைத்திருக்கின்றன. இவை பாண்டிச்சேரித் தலைகளா, பிரான்ஸ் தலைகளா?

எங்கள் ஊருக்கே உரிய கேள்வி. இரண்டும் ஒரே டப்பாவில் இருக்கும். பிரான்ஸின் சின்னமான மரியான் என்ற பெண்ணின் முகமும் "ஆர்.எஃப்." என்ற இரண்டு எழுத்தும் இருந்தால் அது பிரான்ஸ். சொல்தா பென்ஷன், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் ஓய்வூதியம் வந்த வீடுகளிலும், பாரிஸில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலும் கைப்பிடி கைப்பிடியாகக் கிடைக்கும். அழகு உண்டு, விலை அபூர்வம்.

இந்தியாவிலுள்ள பிரெஞ்சுக் குடியேற்றங்கள் என்ற பொருளில் பிரெஞ்சில் நீளமாக எழுதியிருந்தால் அது நம்முடையது. 1892-இல்தான் இந்தப் பகுதியின் பெயர் தாங்கிய தலைகள் வரத் தொடங்கின. 1914-இல் பிரம்மா உருவமும் கோயிலும் படமாயின. 1948-இல் அப்சரஸ், துவாரபாலகர் என்று சிற்பங்கள் வந்தன. "ஃப்ரான்ஸ் லீப்ர்", அதாவது சுதந்திர பிரான்ஸ் என்று மேலச்சடித்தவை இரண்டாம் உலகப் போர்க் காலத்தவை. 1940-இல் பாரிஸ் வீழ்ந்த பிறகு இந்த ஊர் சுதந்திர பிரான்ஸின் தலைவர் தெ கோல் பக்கம் நின்றதன் அடையாளம்.

எனக்கு மிகப் பிடித்தது விலை. 1923-இல் பழைய பிராங்க் தலைகளின்மேல் புது விலைகளை அச்சடித்தார்கள்: காஷ், ஃபனோன், ரூப்பி. 24 காஷ் ஒரு ஃபனோன், எட்டு ஃபனோன் ஒரு ரூபாய். உரக்கப் படித்துப் பாருங்கள். காசு, பணம் என்ற நம் சொற்கள்தாம் பிரெஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு தலையில் உட்கார்ந்திருக்கின்றன. கவர்னர் மாளிகையில் எந்த மொழி பேசினாலும், கடைத்தெருக் கணக்கு எந்த மொழியில் நடந்தது என்பது தபால் தலையிலேயே எழுதியிருக்கிறது.

1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. அத்துடன் இந்தியத் தபால் தலைகள் வந்தன. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் முடிந்தது. 1954 அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம் என்று தேதி முத்திரை உள்ள உறை கண்ணில் பட்டால் கத்தரிக்கோலை இன்னொரு அறையில் வைத்துவிட்டு அதைத் தொடுங்கள்.

"அகதிகள் நிவாரணம்" என்று ஆங்கிலத்தில் அச்சான ஐந்து பைசா தலைகள் ஏன் எல்லா வீட்டிலும் இருக்கின்றன?

1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் அடைக்கலம் தேடி வந்தார்கள். அவர்கள் செலவுக்காக அந்த ஆண்டு நவம்பர் 15 முதல் 1973 மார்ச் இறுதி வரை, தபாலில் கூடுதலாக ஐந்து பைசா தலை ஒட்ட வேண்டியிருந்தது. அவசரத்தில், புழக்கத்திலிருந்த குடும்பக் கட்டுப்பாடு ஐந்து பைசாவின்மேலேயே எழுத்துகளை அச்சடித்துக் கொடுத்தார்கள். சில ஊர்களில் ரப்பர் முத்திரையும் குத்தினார்கள். பிறகுதான் இதற்கென்றே தனித் தலை வந்தது. எண்ணிக்கை அதிகம் என்பதால் விலை சொற்பம். ஊரிலேயே குத்திய மேலச்சுகளை மட்டும் உறையோடு வையுங்கள். ஐந்து பைசாவைக் கடன் போலக் கணக்குப் பார்த்து ஒட்டிய அந்தக் காலத்தை என் அம்மா இன்னும் சொல்வார்.

கடற்கரை ஊரில் இவற்றைப் பூஞ்சை பிடிக்காமல் எப்படி வைத்திருப்பது?

மதுரைக்காரர்களுக்கு இந்தக் கேள்வியே தோன்றாது. நமக்கு இதுதான் முதல் எதிரி. ஐப்பசி, கார்த்திகையில் உப்பு ஜாடியில் உப்பு கசிவதைப் பாருங்கள். அதே காற்றுத்தான் ஆல்பத்துக்குள்ளும் போகிறது. ஒட்டாத தலையின் பிசின் இளகிப் பக்கத்தோடு பிடித்துக்கொள்ளும். ஒட்டியதில் துரு போலப் பழுப்புப் புள்ளிகள் வரும். வந்த புள்ளி போகாது, பக்கத்துத் தலைக்கும் பரவும். அதைத் தனியே எடுத்துவிடுங்கள்.

வெளிச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். ஆல்பத்தைப் படுக்கவைத்து மேலே புடைவை மூட்டையை அடுக்காமல் நிற்க வையுங்கள். புதுச் செருப்புப் பெட்டியிலும் மருந்து பாட்டிலிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் பக்கத்தில் போடுங்கள். தை பிறந்து காற்றில் ஈரம் குறைந்ததும் ஒரு நாள் வீட்டுக்குள் நிழலில் பக்கங்களைப் புரட்டிக் காற்றாட விடுங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டையை ஆல்பத்துக்குள் போடுபவர்கள் இருக்கிறார்கள். அது பிளாஸ்டிக் தாளைக் கெடுக்கும், பீரோவின் மூலையில் இருந்தால் போதும்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் எங்களுக்கும் நடுவே கரையேறியபோது எங்கள் ஓட்டுக்கூரையில் பாதி பறந்தது. தரையில் பெருகிய தண்ணீரில் நான் முதலில் தேடியது ரேஷன் கார்டை; ஆல்பம் இரண்டாவது. அதற்குள் ஒட்டாத தலைகள் இரண்டு தாள் கட்டியாகிவிட்டன.

அப்படிக் கட்டியானவற்றைப் பிரிக்க முடியுமா?

பொறுமை இருந்தால். மூடியுள்ள டப்பாவின் அடியில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சு, அதன்மேல் தண்ணீர் படாத உயரத்தில் ஒரு சின்ன வலைத்தட்டு, தட்டில் தலைகள். மூடிவைத்துச் சில மணிக்கொரு தரம் பாருங்கள். ஈரக்காற்றில் பிசின் இளகியதும் இடுக்கியால் மெல்லப் பிரியும். பிசின் கொஞ்சம் போகும், தலை பிழைக்கும். இட்லிப் பானை ஆவியில் காட்டச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

ஆல்பம் எப்படிப்பட்டது வாங்குவது?

தலைகளைச் செருகிவைக்கும் பட்டைகள் உள்ள ஸ்டாக் புக் போதும். இடுக்கி ஒன்று வாங்குங்கள், முனை தட்டையாக இருக்கட்டும். புருவம் திருத்தும் கூர் இடுக்கி தலையைக் குத்தும். போட்டோ ஒட்டும் பிசுபிசுப்பு ஆல்பம், ஃபெவிகால், செலோ டேப் மூன்றும் தலைகளுக்கு எமன்.

எதைச் சேர்ப்பது என்றே தெரியவில்லை. உலகம் முழுவதும் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், இரண்டே மாதத்தில் சலிக்கும். ஒரு நூலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊரையே பிடிக்கலாம். 1908 முதல் 1918 வரை இங்கே வாழ்ந்த பாரதிக்கு 1960-இல் 15 நயா பைசா தலை வந்தது. அரவிந்தருக்கு 1964-இல், அன்னைக்கு 1978-இல். பாரதிதாசனுக்கு உண்டு, வடலூர் வள்ளலாருக்கு உண்டு. இவ்வளவும் சேர்ந்தாலும் செலவு ஒரு சினிமா டிக்கெட்டைத் தாண்டாது.

தலையே வேண்டாம், முத்திரை போதும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல ஊர் இல்லை. ஒரே யூனியன் பிரதேசம், நான்கு திசை: புதுச்சேரியின் அஞ்சல் குறியீடு 605 என்றும் காரைக்காலுடையது 609 என்றும் தொடங்கும். மாஹேக்கு 673 என்று கேரளத்து எண், ஏனாமுக்கு 533 என்று ஆந்திரத்து எண். நான்கு ஊர் முத்திரையும் தெளிவாக விழுந்த நான்கு உறைகளைச் சேர்க்க எனக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. ஏனாமில் யாரையும் தெரியாததால் கடைசியில் நானே போய் எனக்கே ஒரு கடிதம் போட்டேன். கடலூர்க்காரர்கள் முதுநகர், மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் என்று தேடலாம்.

இப்போது முத்திரைகளும் அரிதாகி வருகின்றன. வரும் தபாலில் பெரும்பாலானவை பார்கோடு ஸ்டிக்கரோடு வருகின்றன. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலும் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. வேண்டுமானால் நாமே தலை ஒட்டி எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

புதுத் தபால் தலைகள் எங்கே கிடைக்கும்?

தலைமை அஞ்சலகத்தில் கேளுங்கள். 200 ரூபாய் கட்டித் தபால் தலை வைப்புக் கணக்குத் தொடங்கினால் புது வெளியீடுகள் வீட்டுக்கே வரும். பழையவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மகாத்மா காந்தி வீதிச் சந்தையில் பழைய புத்தகக்காரர்களிடம் குனிந்து தேடலாம். முகத்தில் ஆவலைக் காட்டாதீர்கள், விலை ஏறும்.

பிள்ளைகள் ஆர்வமே காட்டுவதில்லை. என்ன செய்வது?

கட்டாயப்படுத்தாதீர்கள். என் பேத்திக்கு ஆல்பத்தைக் காட்டினேன், கொட்டாவி விட்டாள். 2006-இல் வந்த சந்தன வாசனைத் தலையையும் 2017-இல் வந்த காப்பி வாசனைத் தலையையும் மூக்கருகே நீட்டினேன், அப்புறம்தான் உட்கார்ந்தாள். "காப்பி டிகிரி காப்பி இல்லை" என்பது அவளுடைய தீர்ப்பு. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்குத் தீன் தயாள் ஸ்பர்ஷ் என்ற அஞ்சல் துறைத் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பள்ளியில் தபால் தலை மன்றமோ பிள்ளை பெயரில் வைப்புக் கணக்கோ இருக்க வேண்டும், தேர்வும் எழுத வேண்டும்.

எங்களுக்கு இதில் நாட்டமில்லை. டப்பாவை நீங்களே வைத்துக்கொள்கிறீர்களா?

இரண்டு மாடி பீரோவும் நிறைந்துவிட்டது. கழுவி உலர்த்திய தலைகளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், ஒரு பிள்ளையாவது பிடித்துக்கொள்ளும். உங்கள் வீட்டு முகவரி எழுதிய உறைகளை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள், எனக்கும்கூட. பார்த்துப் பிரித்துத்தர ஆள் வேண்டுமென்றால் ஞாயிறு நான்கு மணிக்கு மேல் வாருங்கள். இடுக்கி என்னிடம் இருக்கிறது. டிபன் கேரியரில் கொண்டுவந்தவர் அந்த நடு அடுக்கை வாங்கிப் போகவும் வரலாம்.